புளிப்பக்கா சொன்ன மீதி

எங்கள் கடையில் அவளுக்குப் பெயர் புளிப்பக்கா. அடையாள அட்டையில் வேறு என்னவோ எழுதியிருக்கும். அதைப் படித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. ஒன்பது வருடம், பழச்சாறு அடுக்குக்கு முன்னால் ஒரு சின்ன மேசை போட்டு, நீல ஏப்ரன் கட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கிரான்பெரி சாறு ஊற்றிக் கொடுத்தாள். கட்டைவிரல் உயரத்தில் காகிதக் கோப்பை. காலையில் முதல் கோப்பையை அவளே குடிப்பாள், எல்லார் கண்ணெதிரிலும், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல். இரண்டாவது கோப்பை எனக்கு வரும். சர்க்கரை சேர்க்காத கிரான்பெரி சாறு என்றால் விளையாட்டில்லை. முதல் தடவை குடித்த அன்று நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டே மூன்று பேருக்குப் பில் போட்டேன்.

நான் நான்காம் கவுண்டர். அவள் மேசைக்கும் என் கல்லாவுக்கும் நடுவில் பத்தடி கூட இருக்காது. அவள் பேசுவதெல்லாம் எனக்கு மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பிறகு நான் தெரியாத மாதிரி நடிக்க முடியாது.

கம்பெனி அவளுக்கு ஒரு அட்டை கொடுத்திருந்தது. 'இயற்கையின் புத்துணர்ச்சி' என்று தொடங்கும். அந்த அட்டையை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகிவிட்டாள். "ஒன்பது வருஷமா இது ஒண்ணுதான் உருப்படியா வேலை செய்யுது" என்பாள். அட்டைக்குப் பதிலாகத் தன் சொந்தக் கதையைச் சொல்வாள். கோப்பையை நீட்டியபடி, பெண்களிடம் குரலைத் தாழ்த்தி:

"யூரின் போறப்ப எரிச்சல் வந்திருக்கா உங்களுக்கு? எனக்கு ஒரே வருஷத்துல மூணு தடவை வந்துச்சு. இதைக் குடிக்க ஆரம்பிச்சேன். அப்புறம் திரும்பி வரவே இல்ல."

இங்கே நிறுத்துவாள். எதிரில் நிற்பவர் குடிப்பார். புளிப்பு ஏறி, கண் சுருங்கி, வாய் கட்டிப்போகும். மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு மீதியைச் சொல்வாள்:

"ஆனா ஒண்ணு. வந்த வியாதியை இது விரட்டாது. திரும்ப வராம இருக்க ஒத்தாசை பண்ணும், அதுவும் எல்லாருக்கும் இல்ல. வந்துடுச்சுன்னா டாக்டர்கிட்ட போங்க. குடுக்கற மாத்திரையை ஒண்ணு விடாம முடிங்க. நானும் முடிச்சிட்டுத்தான் இதுக்கு வந்தேன்."

முக்கியமானதை ஏன் கடைசியில் வைக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "எடுத்த எடுப்புல டாக்டர் மாத்திரைன்னா கோப்பையை வச்சிட்டுப் போயிடுவாங்கடி. வாயில புளிப்பு இருக்கறப்ப ஒருத்தரும் நகர மாட்டாங்க. அப்ப சொல்றதுதான் உள்ள போகும்" என்றாள். அவள் தொழில் ரகசியம் அவ்வளவுதான். ஒன்பது வருடத்தில் அந்த இரண்டு பாதியும் பிரிந்து நான் கேட்டதில்லை.

சாறு பிடிக்காதவர்களையும் விடமாட்டாள். ஒரு பங்கு சாற்றுக்கு மூன்று பங்கு தண்ணீர், அதில் பாதி ஆரஞ்சைப் பிழிந்து விடு என்பாள். காய்ந்த கிரான்பெரியை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் தயிரில் போட்டுக்கொள்; நறுக்கிய முட்டைக்கோசிலும் கேரட்டிலும் கலந்து தின்னு; முழுப்பழம் கிடைத்தால் ஒரு ஆப்பிளோடு சேர்த்து, பழம் ஒவ்வொன்றாகப் பட்டுப் பட்டென்று வெடிக்கும்வரை கொதிக்கவிட்டு ரொட்டிக்குத் தடவிக்கொள். இதையெல்லாம் சொல்லும்போது அவள் கை தானாகக் கிண்டும். அதே கை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால், நீட்டிய கோப்பையைத் திரும்ப வாங்கிவிடும். "உங்க டாக்டரைக் கேட்டுட்டு வாங்க, ஜூஸ் எங்கயும் ஓடிடாது." சிறுநீரகக் கல் இருப்பவர்களுக்கும் அதே பதில். மேனேஜரின் மாமனாரிடமிருந்தே ஒருமுறை கோப்பையைப் பிடுங்கியிருக்கிறாள். அவளுடைய கம்பெனி, சர்க்கரை போட்ட இன்னொரு பாட்டிலும் விற்றது, நல்ல சிவப்பில், பார்க்க ஜோராக இருக்கும். அதைத் திருப்பிப் பின்பக்க எழுத்தைக் காட்டி, "இது ஜூஸ் இல்ல, சர்க்கரைத் தண்ணிக்குச் செவப்புச் சட்டை" என்பாள். அந்தப் பாட்டில் எங்கள் கடையில் விற்றதே இல்லை.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்றால், அவள் உடம்பிலிருந்து வந்தது. கடைக்கு வருவதற்கு முன்னால் அவள் துணி தைக்கும் தொழிற்சாலையில் பதினொரு வருடம் காலர் தைத்தவள். ஒரு வரிசைக்கு நாற்பது பெண்கள். சூப்பர்வைசர் மேசைக்கு மேலே ஆணியில் மஞ்சள் நிற பிளாஸ்டிக் டோக்கன் ஒன்று தொங்கும். அதை எடுத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போக வேண்டும். போனவள் வந்து மாட்டும்வரை மற்ற முப்பத்தொன்பது பேரும் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் பாடு படுவதற்குத் தண்ணீரே குடிக்காமலிருப்பது மேல் என்று எல்லாரும் காலையிலிருந்து நாக்கு வறண்டே தைத்தார்கள். பக்கத்து மிஷினில் சட்டைக்குக் காஜா எடுக்கிற ஒருத்தி உண்டு. கடையில் நாங்கள் அவளைக் காஜாக்காரி என்றே சொல்வோம். இவளுக்கு வலி எடுத்தால் அவள் தன் முறையை விட்டுக்கொடுப்பாள், அவளுக்கு எடுத்தால் இவள். அந்தக் கூடத்தில் இதைவிடப் பெரிய தானம் எதுவும் கிடையாது.

மூன்றாவது தடவை அந்த எரிச்சல் புளிப்பக்காவுக்குக் குளிரும் காய்ச்சலுமாக வந்து படுக்கையில் போட்டது. தாய் தகப்பன் இல்லை. வீட்டில் ஒரே தங்கை, அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். அவளைச் சின்னவள் என்பார்கள். டாக்டரம்மா ஏழு நாளுக்குப் பதினாலு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சின்னவள் சுவர்க் காலண்டரில் பென்சிலால் நேரம் குறித்து, ஒவ்வொரு வேளையும் டம்ளரில் தண்ணீரோடு வந்து நிற்பாளாம். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும், போதும்டி என்று அக்கா சொல்ல, "பதினாலுன்னா பதினாலுதான், வாயைத் திற" என்று அதட்டினாளாம். இந்தக் கதையைச் சொல்லும்போது புளிப்பக்காவின் முகத்தில் வரும் பெருமையை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

உடம்பு தேறிய பிறகு டாக்டரம்மா சொன்னாராம்: தண்ணீர் நிறையக் குடி, அடக்காதே, வேண்டுமானால் கிரான்பெரி குடித்துப் பார், அதிலிருக்கிற ஏதோ ஒன்று கிருமியை மூத்திரப்பைச் சுவரில் ஒட்டவிடாமல் வழுக்கிவிடுகிறதாம், சிலருக்குக் கேட்கிறது. இவளுக்குக் கேட்டது. தையலை விட்டாள். சாறு வாங்கப் போன இடத்தில் ஆள் தேவை என்று எழுதியிருந்தது. அப்படித்தான் எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தாள். சின்னவளைப் படிக்க வைத்தாள். சின்னவள் படித்து முடித்து, அதே சாறு கம்பெனியில் விளம்பரப் பிரிவில் போய் உட்கார்ந்தாள். "என் தங்கச்சி ஏசி ரூம்ல இருக்கா" என்று ஒரு வருடம் பூராவும் என் காதைத் தின்றாள்.

போன வருடம் ஒரு மத்தியானம் சின்னவள் கடைக்கு வந்தாள். போனை ஒரு முக்காலியில் மாட்டி மேசைக்கு எதிரே நிறுத்தினாள்.

"அக்கா, நீ எப்பவும் சொல்றதையே சொல்லு. யாரோ எதிர்ல நின்னு குடிக்கற மாதிரி நினைச்சுக்கோ."

புளிப்பக்கா என் சீப்பை வாங்கித் தலையை வாரிக்கொண்டாள். முதல் பாதியைச் சொன்னாள். நிறுத்தினாள். எதிரில் குடிக்க யாரும் இல்லை. இருந்தும் பழக்கதோஷம், மூன்று எண்ணினாள். பிறகு "ஆனா ஒண்ணு" என்று மீதியையும் சொன்னாள்.

"எல்லாம் வந்துச்சா?"

"எல்லாம் வந்துச்சுக்கா."

மறுவாரமே, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்களைப் பழக்க வேண்டும் என்று அவளை ஒரு மாதம் மற்ற கிளைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். பதவி உயர்வு மாதிரித்தான் இருந்தது. எங்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்துவிட்டுப் போனாள். அவள் மேசையில் ஒரு திரையை வைத்தார்கள்.

திரை நாள் முழுக்க ஓடியது. புளிப்பக்கா கோப்பையை நீட்டுகிறாள். எரிச்சல் வந்திருக்கா, மூணு தடவை வந்துச்சு, இதைக் குடிக்க ஆரம்பிச்சேன், திரும்பி வரவே இல்ல. நான் பில் போட்டுக்கொண்டே 'ஆனா ஒண்ணு'க்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. சிவப்புப் பாட்டில் வந்தது, அவள் தொடவே தொடாத அந்தச் சர்க்கரைப் பாட்டில். அதன் மேல் பெரிய எழுத்தில் 'மருந்தில்லா நிம்மதி' என்று வந்தது. அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து, எரிச்சல் வந்திருக்கா உங்களுக்கு?

பக்கத்துக் கவுண்டர்க்காரியிடம் சொன்னேன், மீதியைக் காணோமே என்று. "உனக்கென்ன, பில்லைப் போடு" என்றாள். போட்டேன். புளிப்பக்காவின் நம்பர் என் போனில் இருந்தது. கூப்பிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். செய்தது அவள் தங்கை. அக்கா தங்கைக்கு நடுவில் நாம் மூக்கை நுழைப்பானேன் என்று வைத்துவிட்டேன். அது மரியாதை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மரியாதையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மேனேஜரைப் பகைத்துக்கொள்ளப் பயம், அவ்வளவுதான். நாலாம் நாள், பழகிப்போய், அந்தக் குரல் என் காதில் விழுவதே நின்றுபோனது.

மூன்றாவது வாரம் காஜாக்காரி வந்தாள். இன்னும் அதே தொழிற்சாலை, அதே டோக்கன். சட்டையில் எப்போதும் போல நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. முகம் வெளுத்து, ஒரு கை இடுப்பில் இருந்தது. திரைக்கு முன்னால் நின்று தன் தோழி பேசுவதை முழுதாக இரண்டு தடவை கேட்டாள். சிவப்புப் பாட்டில் நாலை எடுத்துக்கொண்டு என் கவுண்டருக்கு வந்தாள்.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"அதே பழைய எரிச்சல்தான். மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, வயித்தைப் புரட்டுது. ரெண்டு நாள்ல நிறுத்திட்டேன். இவளே சொல்றாளே, இதுலயே போயிடுச்சுன்னு."

அவளுக்குப் பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் கையிலிருந்த கூடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். மீதிப் பாதி என் நாக்கு நுனியில் இருந்தது. நான் அவளிடம் கேட்டது இதுதான்: "பை வேணுமா?"

அதற்கு ஒன்பதாம் நாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. காஜாக்காரியின் புருஷன் சேதி சொல்ல, புளிப்பக்கா பயணப் பையோடு நேராகக் கட்டிலண்டை போய் நின்றாள். அங்கே நடந்ததைக் காஜாக்காரியே பிறகு என்னிடம் சொன்னாள். கையில் ஊசி, பக்கத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும் பாட்டில். இவள், "ஏண்டி மாத்திரையை நிறுத்தின? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்று சண்டை பிடித்திருக்கிறாள்.

"நீ சொன்னன்னுதானே நிறுத்தினேன்."

"நான் சொன்னேனா?"

"கடையில டீவில சொன்னியே. தெரியாதவ சொன்னா நம்பியிருப்பேனா? எங்கூட உக்காந்து தைச்சவ சொல்றா, பொய்யா சொல்லுவா?"

அங்கிருந்து புளிப்பக்கா நேராகக் கடைக்கு வந்தாள். மத்தியானம் மூன்று மணி, கூட்டம் இல்லாத நேரம். பையைக் கீழே வைக்காமல் திரைக்கு முன்னால் நின்றாள். அந்த மாதம் முழுக்க ஓடிய படத்தை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். 'திரும்பி வரவே இல்ல' என்று திரை நிறுத்தியதும் இவள் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. "ஆனா ஒண்ணு" என்று வாய்விட்டே தொடங்கினாள். அதற்குள் சிவப்புப் பாட்டில் வந்துவிட்டது. மூன்று தடவை பார்த்தாள், மூன்று தடவையும் அந்த இடத்தில் உதடு அசைந்தது. பிறகு போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள்.

சின்னவள் அரைமணியில் வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் கார் சாவி.

"எங்கடி என் மீதி?"

"அக்கா, இருபது நொடிதான் குடுத்தாங்க."

"மீதி எங்கன்னு கேட்டேன்."

"மேல இருக்கறவங்க எடுக்கச் சொன்னாங்கக்கா. ஜூஸ் விக்கற இடத்துல நின்னு டாக்டர்கிட்ட போங்கன்னு சொன்னா யாரு வாங்குவாங்க? நான் முடியாதுன்னா வேற ஒருத்தர் வெட்டியிருப்பாங்க. எப்படியும் நடந்திருக்கும்."

"வேற ஒருத்தர் வெட்டியிருக்கலாம். அவங்களுக்குத் தெரியாது." புளிப்பக்கா கத்தவில்லை; கத்தியிருந்தால் தேவலை. "உனக்குத் தெரியும்லடி. காலண்டர்ல நேரம் எழுதினது யாரு? தண்ணியோட வந்து நின்னது யாரு? பதினாலு மாத்திரையும் என் வாயில போட்டது நீதானே. அந்தப் பதினாலையும் நீயே வெட்டிட்டியே."

சின்னவள் அழுதாள். அழுகைக்கு நடுவில், எந்தப் பேய் அவள் நாக்கில் உட்கார்ந்ததோ, இதையும் சொன்னாள்: "நீயும் அந்த இடத்துல நிறுத்தினியே அக்கா. சரியா அங்கயே நிறுத்தின. வெட்டினது கூடத் தெரியாத மாதிரி."

தன் கையால் ஊட்டி வளர்த்ததே நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு, கத்தி கூர்மையாக இருந்தது உன் தப்பு என்று சொன்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய்ச் சின்னவளை ஒரு அறை விடலாம் போலிருந்தது. அப்போது கூட எனக்கு என் பங்கு நினைவுக்கு வரவில்லை, பாருங்கள்.

"நான் நிறுத்தினது அவங்க குடிச்சு முடிக்கறதுக்கு" என்றாள் புளிப்பக்கா. குனிந்து, திரையின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். மேசைக்கடியில் கிடந்த பழைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கடை சாத்தும்வரை அங்கேயே நின்றாள். கோப்பை இல்லை, சாறு இல்லை. வருகிற ஒவ்வொருவரிடமும், "இந்த மாசம் இங்க நான் பேசினதைக் கேட்டீங்களா? அதுல மீதி இருக்கு, கேட்டுட்டுப் போங்க" என்று சொல்லி மீதியை மட்டும் சொன்னாள். சிலர் நின்று கேட்டார்கள். சிலர் இது ஏதோ கழன்ற கேஸ் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேனேஜர் இரண்டு தடவை பக்கத்தில் வந்தார், இரண்டு தடவையும் தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பிப் போனார்.

சாத்தும் நேரத்தில் அவள் என் கவுண்டருக்கு வந்தாள். காஜாக்காரிக்காக நாலு ஆரஞ்சு, ரெண்டு பாட்டில் தண்ணீர். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பில் போட்டேன்.

"அவ இந்தக் கவுண்டர்லதான் பில் போட்டாளா?"

"ஆமாக்கா."

"மாத்திரையை நிறுத்திட்டேன்னு உங்கிட்ட சொன்னேன்னு சொல்றா."

"சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கூட்டமாக இருந்தது, காதில் விழவில்லை என்று சொன்னால் நம்பியிருப்பாள், அவள் நம்புகிற ஜாதி. ஒன்பது வருடம் அவள் கையால் இரண்டாவது கோப்பை வாங்கிக் குடித்த வாய் எனக்கு. அந்த வாயில் பொய் வரவில்லை.

"பை வேணுமான்னு கேட்டேன்க்கா."

அவள் என்னைத் திட்டவில்லை. தங்கையைப் பார்த்த மாதிரி கூடப் பார்க்கவில்லை. ஆரஞ்சுகளை ஏப்ரன் மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டாள், தண்ணீர் பாட்டில்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். நான் பையை எடுக்கப் போனேன். "வேண்டாம்" என்றாள்.

காஜாக்காரி மூன்று வாரத்தில் எழுந்துவிட்டாள். புளிப்பக்கா கம்பெனி வேலையை விட்டாள். இப்போது நாலு தெரு தள்ளி ஒரு கிளினிக்கில், வருகிறவர்களை உட்காரவைத்து டோக்கன் கொடுக்கிறாள். தண்ணீர் குடிச்சீங்களா என்று எல்லாரையும் கேட்கிறாளாம். சின்னவள் ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறாள், அக்கா திறக்கிறாள், சோறு போடுகிறாள், பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். எங்கள் கடையில் அந்த மேசைக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். மேசைக்காலுக்கு அடியிலிருந்த அட்டையை எடுத்து நிமிர்த்தி, அதைப் பார்த்துப் படிக்கிறாள். மேசை மறுபடி ஆடுகிறது.

புளிப்பக்கா இன்னமும் எங்கள் கடைக்குத்தான் சாமான் வாங்க வருகிறாள். போன சனிக்கிழமை வந்தபோது என் கவுண்டரில் ஈ காக்கை இல்லை. "அக்கா, இங்க காலியா இருக்கு, வாங்க" என்று கூப்பிட்டேன். காதில் விழுந்தது, திரும்பிப் பார்த்தாள். ஆறாம் கவுண்டரில் ஏழு பேர் நின்றார்கள். போய் எட்டாவது ஆளாக நின்றாள், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல்.